வெள்ளச்சியின் சேர்டிபிக்கற்

இரண்டு வருடம் கொழும்பில் இருந்தும் நான் உருப்படியாகக் கற்ற சிங்களச் சொல் ஒன்றுதான்: ‘ஒவ்’. ஆம் என்று அர்த்தம். காவலரணில் என்ன கேட்டாலும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு ‘ஒவ் சேர்’ என்றால் போதும், விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். (அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே அரசியல் அறிவு அதுதான்.)

வெள்ளவத்தையில் பாக்கியம் அன்ரி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வெள்ளச்சி தானாக வந்த பூனை. ஒருநாள் மீன்தலை போட்டேன், குடும்பமாகிவிட்டோம். அது மூன்றாவது தடவையாகக் குட்டி போட்டது அன்ரியின் கூறைச்சேலை மேல்.

“தம்பி, இதுக்கு ஒப்பரேசன் செய்விச்சுச் சேர்டிபிக்கற்றோட வாரும். இல்லாட்டி நீரும் பூனையும் வேற இடம் பாருங்கோ.”

வேற இடமா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இருபத்துநாலு வயதுப் பெடியனுக்குச் சண்டை நடந்த அந்த நாளில் அறை கொடுக்க யார் இருந்தார்கள்? மிருக வைத்தியர் ஒருவரிடம் ஓடினேன். அவர் கேட்ட தொகைக்கு வெள்ளச்சியைக் கல்யாணமே கட்டிக் கொடுத்திருக்கலாம். கடைசியில் மீன்காரர்தான் வழி காட்டினார். நுகேகொடையில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை, இலவசக் கருத்தடை முகாம்.

மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் வெள்ளச்சியை வைத்துப் பஸ்ஸில் போனேன். (துணிப்பை அசைந்தால் குண்டென்று பஸ்ஸே காலியாகிவிடும் காலம்.) முகாமில் ஒரு படிவம் தந்தார்கள். முழுக்கச் சிங்களம். பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ‘நான் நிரப்பாத படிவமா!’ என்ற திமிர்.

அதுவரை நான் நிரப்பிய சிங்களப் படிவங்கள் எல்லாம் பொலிசுக்குக் கொடுத்தவை. முதலில் வீட்டுக்காரர் பெயர், பிறகு தங்கியிருப்பவர் பெயர், வயது, பால், அடையாளம். கை பழகிய வழியில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போனது. வீட்டுக்காரர், திருமதி பாக்கியம். அடுத்தது என் பெயர், சிவநேசன். இருபத்துநாலு. ஆண். வலது முழங்காலில் தழும்பு.

படிவம் வாங்கிய பெண்மணி அதையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அதில் ‘சிவநேசன்’ மட்டும் விளங்கியது.

“ஒவ்,” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். எவ்வளவு அன்பான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பின்னேரம் மயக்கம் தெளியாத வெள்ளச்சியும், முத்திரை குத்திய சேர்டிபிக்கற்றும் கைக்கு வந்தன. அன்ரி சிங்களம் நன்றாகக் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. முத்திரையைப் பார்த்தே திருப்திப்பட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பொலிஸ் சோதனை. முன்வீட்டுப் பெடியனை ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகை வந்தது. அன்ரி பதற்றத்தில் பத்திரக் கட்டை முழுதாகச் சார்ஜன்ட்டிடம் நீட்டினார். மேலே இருந்தது வெள்ளச்சியின் சேர்டிபிக்கற்.

சார்ஜன்ட் வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

“சிவநேசன்?”

“ஒவ் சேர்.”

ஏதோ கேட்டார். அதில் ‘ஒப்பரேசன்’ என்ற சொல் விளங்கியது. பூனையைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, தெம்பாக, “ஒவ் சேர்!”

அவர் முழங்காலைக் காட்டினார். சாரத்தைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். சார்ஜன்ட் அந்தத் தாளை உரக்க வாசிக்க வாசிக்க, பொலிஸ்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்ரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்தார். கடைசியில் சார்ஜன்ட் என் தோளில் தட்டி என்னவோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“என்ன அன்ரி சொன்னவர்?”

“நீர் என்ர வளர்ப்புப் பிராணியாம். ஒப்பரேசன் முடிஞ்சுதாம். இனி உம்மால ஒருத்தருக்கும் ஆபத்தில்லையாம்.”

முன்வீட்டுப் பெடியன் மூன்று நாள் கழித்துத்தான் வீடு வந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் என் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஆனால் அன்ரியின் சிரிப்பு நிற்கவேயில்லை. என் கல்யாணத்தில் பெண்வீட்டார் அத்தனை பேருக்கும் கதை போய்ச் சேர்ந்தது. மூத்தவள் பிறந்தபோது பிள்ளை பார்க்க வந்த அன்ரி, குழந்தையை மடியில் வைத்து உச்சி முகர்ந்தார். பிறகு கைப்பையைத் திறந்து அந்தப் பழைய தாளை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார்.

“இந்தா பிள்ளை, கிழிச்சுப் போடு. இது இனிச் செல்லாது.”

அவள் கிழிக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.