நாற்பது எழுத்து போதும்

மனிதர்களில் 'போதும்பா' என்று ஓர் இனம் உண்டு. கம்ப்யூட்டர் உள்ள அலுவலகங்களில் நன்றாகச் செழித்து வளரும். பிறர் எத்தனை எழுத்து எழுதலாம் என்று தீர்மானிப்பதே இவர்கள் உத்தியோகம். பெயருக்கு இருபது, முகவரிக்கு நாற்பது, நோய்க்கு ஐந்து என்று டீயை ஆற்றிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டி முடித்துவிடுவார்கள். அதற்குமேல் நோய் வந்தால்? அது நோயாளியின் திமிர்!

நம்மவர் ஆம்புலன்ஸ் சேவைக்கு மென்பொருள் எழுதியவர். டேட்டாபேஸ் பாவம், யோக்கியமானது. அளவுக்கு மீறி எழுதினால் 'இடமில்லை, ஏற்கமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சொன்னபோதெல்லாம் இவருக்குத்தான் போன் வந்தது, அதுவும் சாப்பாட்டு வேளையில். சும்மா இருப்பாரா? மிஞ்சியதைச் சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டு, 'பதிவாகிவிட்டது' என்று பச்சை காட்டச் சொல்லி அதையும் கெடுத்தார். போன் நின்றது. பதவி உயர்வும் வந்தது.

ஒருநாள் பட்டப்பகலில் அவர் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. இவரே போன் போட்டு, பேட்டை, தெரு, குடியிருப்பு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் கதவு எண் 14 என்றார். நாற்பதாவது எழுத்து அந்த ஒன்றோடு முடிந்தது. நான்கு வெட்டுப்பட்டது. 'வயிற்றில் பிள்ளை' என்றதில் 'வயிற்றில்' மட்டும் மிஞ்சியது.

ஆம்புலன்ஸ் பறந்து வந்தது. ஒன்றாம் எண் வீட்டில் தொந்திமேல் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த வக்கீலைப் பார்த்ததும் வந்தவர்களுக்குச் சந்தேகமே எழவில்லை. அலாக்காகத் தூக்கி, ஸ்ட்ரெச்சரில் கட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லித் தைரியம் கொடுத்து, அவர் சட்டம் பேசப் பேச வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாடியில் மனைவிக்கோ நிமிடத்துக்கொரு வலி. வண்டி திரும்பாவிட்டால் பிள்ளை கூடத்திலேயே பிறந்துவிடும். நம்மவர் ஒற்றைச் செருப்போடு ஓடி, சிக்னலில் மடக்கினார்.

டிரைவர் திரையைக் காட்டினார். "ஒன்னாம் நம்பர்னுதான் சார் இருக்கு. கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா?"

திரையில் அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் அவர் ஒற்றை விரலால் ஒரு நான்கு போட்டுக் காட்டினார். வக்கீலை நடுரோட்டில் இறக்கிவிட்டு வண்டி திரும்பியது. ஆஸ்பத்திரி வாசலிலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று கேட்டு அவர் விக்கி விக்கி அழுதார்.

மனைவி கண் திறந்து சொன்னாள்: "'லேசா வலிக்குது, இப்பவே போயிடலாம்'னு காலையிலயே சொன்னேன். நீங்க 'லேசா வலிக்குது' வரைக்கும்தான் கேட்டீங்க."

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். சற்றுமுன் பக்கத்தில் ஒருவர் ஏதோ சொல்ல, இதிலிருந்து தலை நிமிராமலே 'ம், சரி' என்றீர்களே, அவர் சொன்னதன் பின்பாதி என்ன? எழுந்துபோய்க் கேளுங்கள். அவசரமாக இருக்கலாம்.