சொட்டு நின்ற பம்பும் மாமாவின் வெள்ளை வேட்டியும்

கல்யாணத்துக்கு முன்னால் பொய் சொல்லாத ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், உயரத்தில் கொஞ்சம். பம்பை வைத்துப் பொய் சொன்னவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் எனக்குப் பராமரிப்பு வேலை. (கார்டில் 'இன்ஜினியர்'. ஆலையில் 'ஸ்பானர் தம்பி'.) பாளையங்கோட்டையில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். செல்வியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் சம்மதம். அவள் அப்பாதான் பாக்கி. மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "பையன் வேலை பாக்குத இடத்த ஒருக்கா கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றிருந்தார். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது எல்லாப் பையனும் நல்ல பையனாகத்தான் தெரிவான்.

அவர் வரும் நாளில் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். கொதிகலனுக்கு வெந்நீர் தள்ளும் பம்பு மட்டும் மானத்தை வாங்கியது. பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் வழியாமல் காக்க 'சீல்' என்று ஒன்று உண்டு. அதில் ஒரு கரி வளையமும் ஒரு கெட்டி வளையமும் ஒட்டி உரசிக்கொண்டிருக்கும். நடுவில் முடியைவிட மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால்தான் தேயாமல் ஓடுகிறது. அது கொதித்துவிடாமல் இருக்க ஒரு சின்னக் குழாய் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். எங்கள் சீலுக்கு வயதாகி, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. புது சீல் வர ஒரு வாரம் ஆகும். மாமா வர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

யோசித்தேன். தண்ணீர் இந்தக் குழாய் வழியாகத்தானே வருகிறது? இதை மூடினால் சொட்டு நின்றுவிடுமே! (இதற்காக நாலு வருஷம் படித்தேன்.) மூடினேன். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றேவிட்டது.

கொதிகலன் பார்க்கும் இசக்கிமுத்து அண்ணாச்சி காதைத் தீட்டினார். "என்ன வே, சத்தம் ஒரு மாதிரி இருக்கு?"

"சொட்டு நின்னுட்டு, பாத்தியளா அண்ணாச்சி?"

"நின்னது சரி. அந்தத் தண்ணி எங்கன போச்சு?"

நல்ல கேள்விதான், நான்தான் காதில் வாங்கவில்லை. உண்மையில் கசிவு நிற்கவே இல்லை. படலம் வளையங்களுக்கு நடுவிலேயே கொதித்து, ஆவியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

மாமா வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி. நேரே பம்பிடம் கூட்டிப் போனேன். "நேத்து வரைக்கும் ஒழுகிட்டுக் கிடந்துச்சு மாமா. நான்தான் சரி பண்ணுனேன்."

புஸ் என்றது பம்பு. கொஞ்சம் அடங்கியது. மறுபடி புஸ். இட்லிச் சட்டி மூடி குதிக்குமே, அந்தக் கதைதான். ஆவி வளையத்தைத் தள்ளித் திறக்கும், ஆவி போனதும் ஸ்பிரிங் அழுத்தி மூடும், உள்ளே வந்த தண்ணீர் திரும்பவும் கொதிக்கும்.

"இது என்ன சத்தம் தம்பி?"

"பம்பு மூச்சு விடுது மாமா" என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன்.

மலையேற்றத்தில் ரேடியேட்டர் கொதிப்பதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் அவர். என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். "கொதிக்குது வே, பின்னால வாரும்!"

இரண்டு எட்டுதான் வைத்திருப்போம். ஈரமில்லாமல் உரசிய கரி வளையம் உடைந்து, ஆவியும் கறுப்புத் தண்ணீருமாக நாங்கள் நின்ற இடத்தில் பீய்ச்சியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேட்டிதான் முழங்கால் வரை கரிப்புள்ளி. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வார்கள் என்பார்கள். நான் மாமனாரின் வேட்டிக்குள் விட்டேன்.

அண்ணாச்சி ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினார். மாமா மூடிக் கிடந்த குழாயைக் கண்டுபிடித்துவிட்டார். "இத மூடுனது யாரு?"

"நான்தான் ஐயா. தெரியாம மூடிட்டேன்" என்றார் இசக்கிமுத்து, என் முகத்தைப் பார்க்காமலே. அந்த மனுஷனை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

ஒரு நொடி, அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. செல்வி கிடைப்பாள். ஆனால் வாய் கேட்கவில்லை. "இல்ல மாமா, நான்தான் மூடுனேன். நீங்க வாறீங்கன்னு மூடுனேன்."

மாமா வேட்டியைக் குழாயடியில் அலசிக்கொண்டு, ஈரத்தோடு பஸ் ஏறிவிட்டார்.

மூன்றாம் நாள் செல்வியே போன் செய்தாள். "அப்பா சரின்னுட்டாவ. 'பையனுக்கு வேலை சுமார்தான். ஆனா ஒரு பொய்ய முழுசா அரை மணி நேரம் வச்சுக் காப்பாத்தத் தெரியல. பயப்படாம கட்டிக்கோ'ன்னாவ."

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் வீட்டில் எதைக் கழற்றி மாட்டினாலும், "சரி பண்ணிட்டேன்" என்று நான் சொன்னதும் மாமாவும் செல்வியும் பேசாமல் இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பார்கள். அது ஏன் என்று எங்கள் நாலு வயது மகளுக்கு இன்னும் தெரியாது. முதலில் பின்வாங்குவது அவள்தான்.