மரமெழுதி

மனிதர்களில் மரம் வெட்டுகிறவர்கள் உண்டு, மரம் ஏறுகிறவர்கள் உண்டு, மரம் வரைகிறவர்களும் உண்டு. இவர்கள் யாரோடும் ஒட்டாத இன்னோர் இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். மரமெழுதி. இவர் மரத்தை வரைய மாட்டார், எழுதுவார்.

விளக்குகிறேன். எதற்குக் கீழே எது, யாருக்குக் கீழே யார் என்று காட்டக் கோடு போட்டுக் கிளை பிரிப்போமே, அந்தப் படத்துக்கு மரம் என்று பெயர். (எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவரை வேர் கீழேயும் கிளை மேலேயும் இருக்கிற மரங்களில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன். படித்தவர்களின் மரத்தில் வேர் உச்சியில் இருக்கும், இலை தரையைப் பார்த்துத் தொங்கும் என்பது பட்டம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. நீங்களும் நானும் அந்தப் படத்தை ஒரு துண்டுத்தாளில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். மரமெழுதி பார்க்க மாட்டார். அவரிடம் லேடெக் என்றொரு அச்சுக்கோப்பு மென்பொருள் இருக்கிறது. அதில் எழுதும்போது படம் கண்ணுக்குத் தெரியாது. கட்டளைகளும் அடைப்புக்குறிகளும்தான் தெரியும். தாத்தாவுக்கு ஓர் அடைப்பு, அதற்குள் அப்பாவுக்கு ஓர் அடைப்பு, அதற்குள் பிள்ளைக்கு ஓர் அடைப்பு என்று பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, திறந்ததையெல்லாம் மறக்காமல் மூடி, ஓட்டினால் மரம் வரும். வந்தால்.

இந்த இனத்தின் அருமையான மாதிரி ஒருவர் என்னோடு ஒரே அறையில் குடியிருக்கிறார். ஒரு பாடநூல் பதிப்பகத்தில் அவர் அச்சுக்கோப்பாளர். நான் மெய்ப்புத் திருத்துகிறவன். அவருடைய கொள்கை ஒன்றுதான். "என்ன வேணும்னு மட்டும் நாம சொல்லணும் தம்பி. எப்படி வரணும்னு அது பாத்துக்கும்." சொல்லிவிட்டு, அது எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதிலேயே வாரத்தைக் கழிப்பார். இந்தக் கிளை ஒரு மயிரிழை இடதுபக்கம் சாய்ந்திருக்கிறதோ? அந்தப் பெயருக்கும் கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டாமோ? சுட்டியைப் பிடித்து இழுத்துப் படம் போடுகிறவர்களை அவர் பார்க்கும் பார்வையில், கையால் பிசைந்து சாப்பிடும் குழந்தையைப் பார்க்கும் பரிவு இருக்கும்.

எங்கள் மேலாளர் ஒருமுறை, அலுவலகத்தில் யாருக்குக் கீழே யார் என்று ஒரு படம் கேட்டார். மரமெழுதி மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்டுத் தந்தார். அச்சில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதற்குள் படத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள் என்பது மட்டும்தான் குறை. எங்கள் அறையில் பாத்திரம் தேய்ப்பது யார் முறை என்று ஒருநாள் தகராறு வந்தபோது, "சண்டை வேண்டாம், மரம் போட்டுடுவோம்" என்று உட்கார்ந்தார். மரம் இன்றும் சுவரில் இருக்கிறது. பாத்திரம் நான்தான் தேய்த்தேன்.

சாப்பாட்டுக் கடைக்கு இவரை அழைத்துப்போவது பெரும்பாடு. விலைப்பலகையில் எங்காவது ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்திருந்தால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது. கல்லாவில் சொல்லிவிட்டு வந்தால்தான் இறங்கும்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய மனிதர்தான். அப்படியே விட்டிருப்பேன், அவருடைய பெரியம்மா அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்யாமல் இருந்திருந்தால்.

பெரியம்மா மருத்துவமனையில் தலைமைச் செவிலியர். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார். குடும்பமெல்லாம் ஒரு கூடத்தில் கூடுவதாக ஏற்பாடு. சுவர் முழுக்க ஒரு குடும்ப மரம் மாட்ட வேண்டும், அதைப் போடுவது நம் மரமெழுதி. பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால், மரமெழுதியின் தங்கை பிறந்த கையோடு அவர்கள் அம்மா நோயில் விழுந்தபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர் பெரியம்மா. கொஞ்ச நாளைக்கு என்றுதான் தூக்கிப் போனார். அம்மா எழுந்து நடமாடிய பிறகும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. பக்கத்துத் தெருதானே? தங்கை இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு, இரண்டு பேரையும் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்து, இன்று பள்ளி ஆசிரியை.

அழைப்பில் பெரியம்மா கேட்டது இவ்வளவுதான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுப்பா. என் பேருக்குக் கீழ சும்மா விட்டுடாத."

"அது எப்படி பெரியம்மா விடுவேன்?"

மனதாரத்தான் சொன்னார். மரமெழுதிகள் கெட்டவர்கள் இல்லை.

சிக்கல் மறுநாள் தொடங்கியது. அவருடைய மரத்தில் ஒரு பிள்ளையை ஓர் அடைப்புக்குள்தான் வைக்க முடியும். பெரியம்மாவின் அடைப்பில் வைத்தால் அம்மாவுடையதில் இல்லை. அம்மாவுடையதில் வைத்தால் பெரியம்மா மொட்டை. இரண்டிலும் வைத்துப் பார்த்தார், வீட்டில் திடீரென்று ஒரு தங்கை கூடிவிட்டாள். தனியாக ஒரு கோடு இழுக்க அந்த மென்பொருளில் வழி உண்டு, அதையும் செய்தார். ஆனால் பெரியம்மா மூத்தவர், இடது ஓரம். அம்மா கடைசி, வலது ஓரம். நடுவில் மாமாக்களும் அவர்கள் பிள்ளைகுட்டிகளும். புதிய கோடு அத்தனை பேரையும் அறுத்துக்கொண்டு போயிற்று. மரமெழுதி பதறிவிட்டார்.

"கோட்டை கோடு வெட்டினா அது மரம் இல்ல தம்பி, சிலந்தி வலை."

அப்படியானால் பெரியம்மாவையும் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமே என்றேன். பிறந்த வரிசையைக் கலைக்கச் சொல்லும் நீ படித்தவன்தானா என்பது போலப் பார்த்தார். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதானே என்று நினைவூட்டினேன். அதற்குள் அவர் பெயர்களுக்கு இடையிலான இடைவெளிக்குப் போய்விட்டிருந்தார். எழுதினார், ஓட்டினார், பார்த்தார், அழித்தார். கூட்ட நாள் வந்து வாசலில் நின்றபோது, தங்கையை அம்மாவுக்குக் கீழே வைத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். பெரியம்மாவுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால் அந்தக் கிளையைக் கொஞ்சம் கத்தரித்தும் விட்டார். பக்கம் ஒழுங்காக நிற்க வேண்டாமா?

கூடத்தில் மரம் அமர்க்களமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் சுவரை முட்டிக்கொண்டு நின்று தங்கள் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். பெரிய மாமா, தன் பெயர் சின்ன மாமாவின் பெயரைவிடச் சிறிதாகத் தெரிகிறது என்று ஒரு வழக்கைத் தொடங்கினார். பெரியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். இடது ஓரத்தில் நின்றார். பெயரைப் பார்த்தார். அதற்குக் கீழே சுவரைப் பார்த்தார்.

"என் கிளை மட்டும் ஏம்பா குட்டையா இருக்கு?"

"கீழ எதுவும் இல்லையே பெரியம்மா, அதான். இடம் மிச்சம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார். அதை மூடவும் மறந்து நின்றார்.

"ஆமா," என்றார் பெரியம்மா. "இடம் மிச்சம்தான்." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, யார் இன்னும் சாப்பிடவில்லை என்று விசாரிக்கப் போய்விட்டார்.

தங்கை பின்னால் நின்றிருந்தாள். ஆசிரியைகளின் கைப்பையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா இருக்கும் என்பதை அன்று கண்டேன். மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"ஏய், அது அழியாத மை," என்றார் அண்ணன்.

"தெரியும்."

பெரியம்மாவின் பெயருக்குக் கீழே பேனாவை ஊன்றி நடக்க ஆரம்பித்தாள். கோடு மாமாக்களின் மேல் ஏறியது, அவர்கள் பிள்ளைகளின் மேல் இறங்கியது, ஒரு பேரனின் பெயரை இரண்டாக வகிர்ந்தது.

"எங்க தலை மேலயே ரோடு போடறியாம்மா?" என்றார் சின்ன மாமா.

"ஓரமா நில்லுங்க மாமா, வண்டி வரும்."

வலது ஓரத்துக்கு வந்து தன் பெயரில் கொண்டுபோய்க் கோட்டை முடித்தாள். சுவர் ஓரம் நின்றிருந்த அம்மா, எட்டி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போடச் சொன்னார். போட்டாள். யாரோ பெரியம்மாவை இழுத்து வந்தார்கள்.

பெரியம்மா கோட்டின் கூடவே மெல்ல நடந்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும்.

"கோணலா இருக்குடி."

"இருக்கட்டும்மா."

அப்புறம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பெரியம்மா, கோடு மறையாதபடி பார்த்துப் பார்த்துத் தள்ளி நின்றார்.

மரமெழுதி மட்டும் நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக்கூடாது. மனிதர் மாறிவிட்டார் என்று நெகிழ்ந்துபோய் அவர் தோளில் கை வைத்தேன்.

"தம்பி," என்றார் தழுதழுத்த குரலில். "கோட்டை எல்லாருக்கும் கீழால கொண்டு வந்திருந்தா ஒரு வெட்டுகூட விழுந்திருக்காது. எனக்கு ஏன் தோணல?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நமக்கு மென்பொருளும் தெரியாது, மரமும் தெரியாது, நாம் அந்த ஆள் இல்லை என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். ஒரு நிமிடம். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு, மூடாமலே வந்துவிட்டேன். மெய்ப்புத் திருத்துகிறவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள், வேண்டுமென்றே செய்ததுதான். பெரியம்மா என்ன ஆவாரோ என்று கவலைப்பட்டு அதைக் கவனிக்காமலே வந்து சேர்ந்தவர்கள் போகலாம், உங்களுக்கு ஒன்றும் இல்லை. கவனித்தவர்களே, பெரியம்மா சுவரைப் பார்த்து நின்ற நேரத்திலும், தங்கை கோடு இழுத்த நேரத்திலும், "இவன் இதை எப்போதுதான் மூடுவான்" என்று மனதின் ஓரத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தவர்களே, உங்களுக்கு ராத்திரி தூக்கம் கெடக்கூடாது. இந்தாருங்கள்:

)