ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்கு வரி

காலை பதினொன்றரை மணிக்கு ஏழைகளின் காவலன் ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் அப்படி எந்த உத்தேசமும் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. புது மோட்டார் வாங்க எல்லா வீட்டுக்கும் சம பங்கு என்று கூட்டத்தில் சொன்னார் மேல்மாடிக்காரர். அவருக்கு ஏழு அறைகள். குளியல் தொட்டி ஒன்று. மாடித் தோட்டம் ஒன்று. அவர் இல்லாத இடத்தில் அவரை ஏழறையார் என்றுதான் சொல்வோம். கீழே ஒற்றை அறையில் இருக்கிறார் தையல்காரம்மா. ஒரு நாளைக்கு நாலு வாளித் தண்ணீர், அவ்வளவுதான் அவர் செலவு. சம பங்கு என்றதும் அவர் முகம் சுண்டிவிட்டது. பதினைந்து நாள் மெஷினை மிதித்தால்தான் அவருக்கு அந்தப் பணம். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"இருக்கிறவங்க அதிகமாக் கொடுக்கணும். இல்லாதவங்க கொடுக்கவே வேண்டாம். ஒரு அறை இருந்தா வரி கிடையாது. ரெண்டு இருந்தா கொஞ்சம். அதுக்கு மேல அறை ஏற ஏற வரியும் ஏறணும்!"

நான் வரி ஆபீஸ் குமாஸ்தா. யாரோ போட்ட சட்டத்தை இருபது வருஷமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தவன், முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்று போட்டேன்.

"இது நான் உழைச்சுச் சம்பாதிச்சது சார்," என்றார் ஏழறையார்.

"தையல்காரம்மா என்ன தூங்கியா சம்பாதிக்கிறாங்க?"

கைதட்டல்.

"இப்படி வரி போட்டா நான் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவேன்."

"தாராளமாப் போங்க. குளியல் தொட்டியைத் தலையில தூக்கிட்டா போவீங்க?"

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கைதட்டல்.

பதினாறு வீட்டில் பதினைந்து கைகள் உயர்ந்தன. பதினாறாவது கை நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தது. தையல்காரம்மா என்னிடம் வந்து, "உங்க சட்டைக்கு ஆயுசு பூரா நான் பட்டன் தைச்சுத் தரேண்ணே," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்!

முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவள் என் மனைவி. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் பேசியதற்கு அவள் கை தட்டியதே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தேன். வெற்றி வீரனுக்கு உரிய அளவு சாப்பிட்டேன். சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி முதல் ஐந்தரை வரை நான் தூங்குவேன். அந்த மூன்றரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் உயிர் வாழ்கிறேன். ஒரு கண் மூடியது.

"என்னங்க, ஒரு சந்தேகம்."

மறு கண் பாதியில் நின்றது.

"உங்க வரி பணம் காசுக்கு மட்டும்தானா?"

"சேச்சே! எது ஒருத்தர்கிட்டயே குவிஞ்சு கிடக்குதோ, அதுக்கெல்லாம்தான்!"

"அப்போ தூக்கத்துக்கு?"

"எந்தத் தூக்கத்துக்கு?"

"இந்த வீட்டுத் தூக்கத்துக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்ககிட்ட மூணரை மணி நேரம் இருக்கு. என்கிட்ட எவ்வளவு இருக்கு?"

யோசித்தேன். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லையோ? அப்படியும் தோன்றவில்லை.

"இது நான் உழைச்சுச் சம்பாதிச்ச தூக்கம்மா."

"நான் என்ன தூங்கியா சமைக்கிறேன்?"

இந்தப் பதிலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"சரி, எவ்வளவு வரி?" என்று கேட்டேன். குமாஸ்தா புத்தி, வேறென்ன!

"முதல் அரை மணிக்கு வரி கிடையாது. நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரி இல்ல. அடுத்த ஒரு மணியில பாதி. அதுக்கு மேல இருக்கிற ரெண்டு மணி நேரமும் முழுசா."

"இது பகல் கொள்ளை! நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்!"

"தாராளமாப் போங்க. சாய்வு நாற்காலியைத் தலையில தூக்கிட்டா போவீங்க?"

சட்டம் போட்டவனே சட்டத்தை மீறலாமா? எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள்.

"பாத்திரம் சிங்க்ல கிடக்கு. துணி மாடியில காயுது. அப்புறம்..."

அந்த அப்புறம் முடியவில்லை. அதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை நாற்காலியிலிருந்து நழுவித் தொங்கியது. இவ்வளவு களைப்பையும் எங்கே வைத்திருந்தாள்? எனக்குப் பாவமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. மூன்றாவது பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் இரண்டும் தெளிந்துவிட்டன.

நாலாவது, அடிப்பிடித்த பால் பாத்திரம். அதைத் தேய்க்கும்போதுதான், இப்படியே விட்டால் ஒவ்வொரு ஞாயிறும் இதே கதிதான் என்று புரிந்தது. இந்தக் கட்டடத்தில் என் வேதனை புரியக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவருடன் கூட்டணி வைப்போம். இரண்டு பேரும் சேர்ந்து கூட்டத்தைக் கூட்டி, சட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொள்வோம். ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு, பூனை மாதிரி மேல்மாடிக்கு ஏறி, மணியை அழுத்தினேன்.

ஏழறையாரே கதவைத் திறந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் ஈரத்துணி. உள்ளே சோபாவில் அவருடைய மனைவி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்," என்றார் ரகசியமாக. "கூட்டம் முடிஞ்சதுமே உங்க வீட்டம்மா என் சம்சாரத்தைப் படிக்கட்டுலயே நிறுத்தி, சட்டத்தை விளக்கிட்டாங்க. மூணு மணிக்குள்ள வரி ஏய்ப்பு பண்ண நீங்க இங்க வருவீங்கன்னும் சொன்னாங்களாம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"வந்தா அபராதம் உண்டாம்," என்று வாளியை என் கையில் கொடுத்தார். "நான் நாலு அறை துடைச்சுட்டேன். மிச்சம் மூணும் உங்களோடது."