கொப்பரையோடு மலையேறுகிறவர்

கொப்பரையோடு மலையேறுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று எல்லோரையும் கிளப்பிவிடுகிறவர் அவர்தான். காட்டைப் பற்றியும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய பள்ளத்தாக்குப் பாறைகளைப் பற்றியும், ஆயிரம் பேர் நிற்கலாம் என்கிற குகையைப் பற்றியும் வாரம் முழுக்கப் பேசி நம் ஆசையைக் கிளறுகிறவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் வேன் நிற்கும். அதில் மனிதர்கள் ஏற இடம் இருக்காது. இரும்புக் கொப்பரை, அதைத் தாங்கும் முக்காலி, செம்மறி வால்கொழுப்பு, ஒரு மூட்டை மஞ்சள் கேரட், உட்காரப் பஞ்சு மெத்தைகள், பன்னிரண்டு நான் ரொட்டி, போதாக்குறைக்கு வீட்டுப் பாதாமி மரத்தின் விறகு. காட்டுக்கு விறகு கொண்டுபோகிறவரை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

எங்கள் ஜிஸாக் ஊரில் இந்த இனத்துக்குத் தலைவர் என் பக்கத்து வீட்டு நோர்போத்தா. பூங்கா வாசலைத் தாண்டி முதல் ஓடை வந்ததுமே, "நிறுத்து, இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்பார். இருபத்திரண்டு வருடங்களாக அதே ஓடை. கரையில் 'தீ மூட்டாதீர்' என்று ஒரு பலகை இருக்கிறது. இறைச்சிப் பையை அதில்தான் மாட்டுவார். உயரம் வசதியாக இருக்கிறதாம்.

குகை அங்கிருந்து இருபது நிமிட நடை. அவர் பார்த்ததில்லை. அவர் மனைவி சனோபரும் பார்த்ததில்லை, ஆனால் போகலாமா என்று வருடம் தவறாமல் கேட்பாள். முதலில் பலாவ் என்கிற இறைச்சிச் சோற்றுக்குக் கேரட் நறுக்க வேண்டும், அதுவும் தீக்குச்சி கனத்துக்கு. பிறகு அரிசி போட்டாகிவிட்டது, யாரும் நகரக்கூடாது. தம் போட்டாகிவிட்டது, உரக்கப் பேசக்கூடக் கூடாது. சாப்பிட்டாகிவிட்டது, வால்கொழுப்பு உள்ளே போனபின் நடந்தால் நெஞ்சை அடைக்கும். அப்புறம் ஒரு தூக்கம். எழுந்தால் வெயில் இறங்கியிருக்கும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கொப்பரையைக் கழுவச் சொல்வார்.

இந்த ஜூனில் நாங்கள் போயிருந்தபோது வனக்காவலர் ஒருவர் வந்தார். ஹாலியார் என்று பெயர், புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"அண்ணே, இங்க நெருப்பு மூட்டக் கூடாது."

"வாஸ்தவம்தான் தம்பி. முதல்ல உக்காரு, டீயைக் குடி. நின்னுக்கிட்டே சண்டை போட்டா நல்லாவா இருக்கும்?"

ரொட்டியைப் பிய்த்துக் கையில் கொடுத்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் அபராதம் எழுத முடியாது. மூன்றாவது கிண்ணத் தேநீரில் ஹாலியார், பலாவ் சோற்றுக்குச் சீரகம் இன்னும் கொஞ்சம் போடலாமே என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அரசாங்கம் அவ்வளவு சீக்கிரம் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

நோர்போத்தா கொப்பரையை மூடி, மூடிமேல் துண்டைச் சுற்றினார். சனோபர் கை துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி, குகைக்கு வழி காட்டுறீங்களா?"

"இப்பவா? தம் போட்டிருக்கேன்" என்றார் நோர்போத்தா. "குகை எங்க ஓடிடப் போகுது?"

"குகை ஓடாதுங்க. என் முட்டிதான் ஓடாது. அடுத்த வருஷம் படியே ஏற முடியாதுன்னு டாக்டர் சொன்னப்போ நீங்களும்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கொப்பரையைப் பார்த்தேன். அவள் அரை ரொட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆர்ச்சா என்கிற ஊசியிலை மரங்களுக்கு நடுவே காவலரோடு இறங்கிப் போய்விட்டாள். கூடப் போகலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை, வாசனை வந்துவிட்டது.

எல்லோரும் உட்காராமல் மூடியைத் திறக்கக்கூடாது என்பது நோர்போத்தாவே போட்ட சட்டம். கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு, சனோபரின் நன்மைக்காகவே, குழைந்துவிடுமே என்று திறந்தார்.

அவள் திரும்பி வர இரண்டு மணி நேரமானது. முழங்காலெல்லாம் சேறு, தலைமுடியில் நீர்த்துளி. முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"உள்ள ஒரு இடத்துல விளக்கை அணைச்சோம்" என்றாள். "என் கையே எனக்குத் தெரியல. எங்கயோ தண்ணி சொட்டுது. அழுகை வந்துடுச்சு."

"ஆறிப்போச்சு பாரு" என்று தட்டை நீட்டினார் நோர்போத்தா.

அவள் ஒரு பிடி வாயில் போட்டு, நிதானமாக மென்றாள்.

"உப்பு கம்மி."

இருபத்திரண்டு வருடங்களில் அவர் சமையலுக்கு அவள் சொன்ன முதல் குறை. மனிதர் ஊர் திரும்பும்வரை வாய் திறக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை அலுவலகத்தில் திறந்தார். "குகைக்குள்ள விளக்கை அணைக்கணும்யா, அப்பத்தான் அது குகை" என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினாராம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்குமுன் ஒன்றே ஒன்று. சனோபர் ஒருத்தி உள்ளே போய் அழுதுவிட்டு வந்திருக்கிறாள். இவ்வளவு நேரம் படித்ததில் உங்களுக்கு என்னிடம் கேட்கத் தோன்றுவது அந்தக் குகைக்கு எப்படிப் போவது என்பதா, பலாவ் சோற்றுக்கு எந்த அரிசி என்பதா?