ஆறாவது ஜாடிக்கு ஒரு கேன் கடல் தண்ணீர்

செண்பகனூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மிகுந்த மாப்பிள்ளை முத்துராஜுக்கு, மச்சான் ஞானவேல் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா குப்பம்மாளும் நலம். குளிர் மட்டும் எலும்பை எண்ணிப் பார்க்கிறது. பாலசமுத்திரத்தில் அனைவரும் சுகமாயிருக்கப் பழனியாண்டவர் பார்த்துக்கொள்வார். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த இரண்டு அறை வீட்டில் உன் அக்கா காதுக்குத் தப்பி எதையும் பேச முடியாது.

எங்கள் மகள் சுசித்ரா கடலோர ஆய்வகத்தில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைத் தண்ணீர்த் தொட்டியில் வரிசையாக நிறுத்தி வைப்பார்களாம். ஒன்றையொன்று உசுப்பிவிடாமலிருக்க நடுவில் போரான் கலந்த அலுமினியத் தகடு. அது நியூட்ரானை விழுங்கிவிடுமாம். ஆபத்துக்குத் தொட்டியில் கடல் தண்ணீரை ஊற்ற நேர்ந்தால் உப்பு அந்தத் தகட்டை எவ்வளவு அரிக்கும் என்று பார்ப்பதுதான் அவள் சோலி. அங்கே வெயிலில் ஒரு வரிசை, இங்கே குளிரில் ஒரு வரிசை. புதுத் தகடுகளைக் கடல் தண்ணீரில் ஊறப் போட்டு ஆறு ஜாடிகளை நம் அலமாரியில் வைத்து, "ஆறு மாசம் யாரும் தொடாதீங்க. இதுல அணுவும் இல்ல, கிணுவும் இல்ல, வெறும் தகடுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் மாதம், நான் ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள், உன் அக்கா ஒரு ஜாடியைத் திறந்து, தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று அடுப்படியில் சாத்தி வைத்திருக்கிறாள். "பிள்ள பாவம், விளக்க நேரமில்லாம போட்டுட்டுப் போயிருக்கா" என்கிறாள். உண்மையைச் சொன்னால் மூன்று நாள் சாப்பிட மாட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

தகட்டை ஜாடியில் போட்டாயிற்று, தண்ணிக்கு எங்க போக? ஏழாயிரம் அடி உசரத்துல ஏரி கெடக்கு, அருவி கெடக்கு, கடல் இல்லையே மாப்ளே! பஜாரில் மீன் கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மதுவிடம், ராமேஸ்வரத்து மீன் வண்டியில் ஒரு கேன் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"மீன் வேணாமாண்ணே? தண்ணி மட்டுமா?"

"தண்ணி மட்டும் போதும் பாய்."

"எதுக்குண்ணே?"

"ஒரு காரியத்துக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

அவ்வளவுதான், கருமாதிக் காரியம் என்று பஜாரே முடிவு கட்டிவிட்டது. மறுநாள் வெள்ளனே, உன் அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம், நாலு பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். "யாருண்ணே தவறிட்டாங்க?" என்றார்கள். பதற்றத்தில் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு. உன்னைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள்.

தண்ணீர் வந்தது, ஊற்றிவிட்டேன். ஆனால் சனிக்கிழமை சுசித்ரா வருகிறாளே! பிள்ளையின் ஐந்து மாத உழைப்பு வீணாகிவிட்டதே! தாய்மாமன் சொன்னால் கேட்டுக்கொள்வாள். வெரசா வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லு. பஜார் பக்கம் மட்டும் தலைகாட்டாதே.

உன் தோட்டம் காய்க்கட்டும், பிள்ளைகள் படிக்கட்டும், உனக்கு ஆயுள் கெட்டியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஞானவேல்

பி.கு.: தபாலில் போடுமுன் சுசித்ரா இன்றே வந்து இறங்கிவிட்டாள். தேய்த்த அன்றே உன் அக்கா அவளிடம் போனில் எல்லாம் சொல்லி, செய்தது தப்பு என்று தெரிந்துகொண்டாளாம்! "அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிருவாரு" என்று இருவரும் என்னிடம் மறைத்திருக்கிறார்கள். சுசித்ரா தகட்டைப் பூதக்கண்ணாடியில் காட்டினாள். ஊசி குத்தியது போல் குழிகள். "வெள்ளைய எடுத்தாத்தான்ப்பா இது தெரியும். போட்டோ எடுக்கறதுக்கு முந்தி அம்மா தேய்ச்சுட்டாங்க, அவ்வளவுதான். இன்னும் அஞ்சு இருக்குல்ல?" என்று சிரிக்கிறாள். ஆகவே நீ வர வேண்டாம். ஆனால் இப்போது அந்த ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏம்ப்பா, இதுக்குள்ள மீன் செதில் மிதக்குதே?" என்கிறாள். நீ வந்துவிடு.