முப்பது மீட்டரில் துரை நல்ல பிள்ளை

மட்டாஞ்சேரி,
சனிக்கிழமை மத்தியானம்.

உசிலம்பட்டியில் கைக்கட்டோடு வீற்றிருக்கும் சுப்புராஜ் மாமா அவர்களுக்கு மருமகன் சுதர்ஷன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் அம்மிணியும் நலம். துரை எங்கள் மூவரையும்விட நலம், பிரச்சினையே அதுதான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு தடவை சொன்னேன். 'துரையை விற்' என்று வரும்போதே லைனைத் துண்டித்துவிடுகிறீர்கள். கடிதத்தைத் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். உங்களுக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது, ஒச்சம்மாள் அத்தைதான் வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். அத்தை, மாமா எழுந்து கொல்லைப்புறம் போனால் பின்னாலேயே போய் வாசியுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இல்லை.

விஷயம் இதுதான். நாளை ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து லாரி வருகிறது. துரை போகிறான். 'நீயே பாத்து முடிவு பண்ணு மாப்ளே' என்று ஊருக்குக் கிளம்புமுன் இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னது நீங்கள்தான். பண்ணிவிட்டேன். வாங்குகிறவர் தென்னந்தோப்புக்காரர், நல்ல மனிதர். அவரிடம் பெட்டைக் குதிரை ஒன்றுகூடக் கிடையாது, பக்கத்துத் தோப்பிலும் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

என்மேல் கோபப்படுவதற்கு முன்னால் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று பாருங்கள். குஜராத்திக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து நம் அம்மிணி பேர் வாங்கினாள். பெட்டைக் குதிரையில் ஏறி வந்தால்தான் மாப்பிள்ளைக்கு நல்லது என்பது அவர்கள் வழக்கம். நமக்கும் நல்லதாகவே இருந்தது. இப்போது ரெட்டைக் குதிரை பூட்டிய சாரட்டு வேண்டும், ரெண்டும் ஒரே வெள்ளையாக இருக்கவேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நீங்கள் உடனே அம்மிணியின் வால்முடியில் ஒரு கொத்தை வெட்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அந்தியூர்ச் சந்தைக்குப் போனீர்கள். ஜவுளிக்கடையில் புடவைக்கு ரவிக்கைத் துணி சேர்த்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு குதிரையின் வாலிலும் அந்தக் கொத்தை வைத்து வைத்துப் பார்த்து, வெயிலுக்குக் கொண்டுவந்து இன்னொரு தடவை பார்த்து, கடைசியில் துரையின் வால் ஒத்துப்போனதும் கையோடு பிடித்துக்கொண்டு வந்தீர்கள். வால் அவ்வளவு பார்த்தவர், வாலுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. மூன்று வயது ஆண்குதிரை. 'அதெல்லாம் பழகிக்கிருவான்' என்றீர்கள். முதல் கல்யாணத்திலேயே பேண்டு வாத்தியம் தொடங்குமுன் துரை முன்னங்கால்களைத் தூக்கி அம்மிணி மேல் சாய்ந்தான், நீங்கள் இரண்டுக்கும் நடுவில் பாய்ந்தீர்கள், கை முறிந்தது, மாப்பிள்ளை தலைப்பாகையோடு ஆட்டோவில் மண்டபம் போய்ச் சேர்ந்தார்.

தேவராவிலிருந்து ஸ்கூட்டரில் வரும் கால்நடை டாக்டர் தன்யா, காயடித்துவிட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை என்றார். அதற்கு நீங்கள் போனில் சொன்ன பதிலை அம்மா இன்னும் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்: 'எங்கையி ஒண்ண ஒடிச்சதுக்கு அம்புட்டுப் பெரிய தண்டனையெல்லாம் வேணாம்டா, பாவம், சின்னப்பய.' சரி, தண்டனை வேண்டாம், பயிற்சி என்று நான் இறங்கினேன்.

எனக்குக் குதிரை தெரியாது. தோப்பும்படி ஐஸ் பிளான்டுகளில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஆனால் எந்த மெஷினையும் சரியான அளவில் நிறுத்தலாம், பொறுமையாக ஒவ்வொரு புள்ளியாகப் போகவேண்டும், அவ்வளவுதான் என்பது என் படிப்பு. சுக்குக் கோடவுனுக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் அம்மிணியைக் கட்டி, அங்கிருந்து முப்பது மீட்டர் அளந்து, ஒவ்வொரு மீட்டருக்கும் சுண்ணாம்பில் கோடு போட்டேன். வேலைக்கென்று தனியாக ஒரு நீலத் தலைக்கயிறு. அதைப் போட்டால் கவனம் என்மேல் இருக்கவேண்டும். தலையை என் பக்கம் திருப்பி அமைதியாக நின்றால் ஒரு காரட், அடுத்த கோடு. திமிறினால் பழைய கோடு. முப்பது மீட்டரில் துரை மாதிரி நல்ல பிள்ளை கொச்சியில் கிடையாது. இருபதிலும் அப்படியே. பதினான்கில் காது மட்டும் அந்தப் பக்கம் போனது. பத்தில் பாட ஆரம்பித்தான். சுள்ளிக்கல் வரை கேட்டது என்றார்கள்.

வாசனைதான் காரணம், மூக்கை அடைத்தால் தீர்ந்தது என்று தலைவலித் தைலத்தை எடுத்து அவன் மூக்குத் துவாரங்களில் தடவினேன். அவன் மதில் பக்கமாகத் திரும்பித் தும்மினான். மதிலுக்கு அந்தப் பக்கம் நாணு சேட்டனின் சாயாக்கடை. அன்று அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்த பதினோரு பேருக்கும் ஜலதோஷம் விட்டுப்போனது. நாணு சேட்டன் பழம்பொரித் தட்டோடு மதில்மேல் எட்டிப் பார்த்து, 'மோனே சுதர்ஷா, குதிரைக்கு ஜலதோஷமோ, நினக்குப் பிராந்தோ?' என்று கேட்டார். எனக்குப் பைத்தியமா என்று கேட்கிறார், அத்தை. மூன்று நாள் விடாமல் தடவினேன். துரை அதில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: தைலம் மணத்தால் அடுத்து அம்மிணியிடம் போகப்போகிறோம். இப்போது அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்தால் முற்றத்திலிருந்து கனைக்கிறான். 'இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையாடா?' என்று அம்மா கேட்கிறாள். நியாயமான கேள்வி.

அடுத்து, ஆளைப் பார்த்து ஊகிக்கிற வேலையே வேண்டாம் என்று நாடித் துடிப்பை எண்ணும் பட்டை ஒன்றைச் செய்து துரையின் மார்பில் கட்டினேன். அறுபதைத் தாண்டினால் பீப் பீப் என்று அடிக்கும். அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் தன்யா வந்து கைகட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பட்டையைக் கழற்றச் சொன்னார், என் நெஞ்சில் கட்டச் சொன்னார். துரையின் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, அவன் துடிப்பை விரல் வைத்து எண்ணினார். அவனுக்கு நாற்பத்து நாலு. எனக்கு நூற்றுப் பதினெட்டு. 'குதிரைக்கு ஒண்ணுமில்லை கேட்டோ' என்றார். 'நீங்கதான் பயந்து சாகறீங்க. கயித்தை இந்த இறுக்கு இறுக்கிப் பிடிச்சா, முன்னால ஏதோ ஆபத்து இருக்குன்னு அவனுக்குத் தோணாதா? முதல்ல உங்க கையைப் பழக்குங்க.' அந்த நூற்றுப் பதினெட்டில் குதிரைக்கு எவ்வளவு, டாக்டருக்கு எவ்வளவு என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாத விஷயம். அத்தை, கடைசி வரியை வாசிக்காமல் தாண்டிவிடுங்கள்.

கையைப் பழக்கத்தான் பார்த்தேன் மாமா. ஏழு மீட்டர் வந்தோம், ஐந்து வந்தோம். மூன்றாவது மீட்டர் கோட்டில் கால் வைத்ததும் எனக்கு உங்கள் கை முறிந்த சத்தம் கேட்கிறது. அன்று நான் சாரட்டுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன், தெரியுமல்லவா? விரல்கள் தானாக இறுகிவிடுகின்றன, இறுகியதும் அவன் தலையைத் தூக்குகிறான், முடிந்தது. ஒன்பது நாளாக அதே கோட்டில் நிற்கிறோம். அழுத்தமானியாக இருந்தால் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தியிருப்பேன். இதற்குத் திருகு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அவன் அடங்கவில்லை என்பதற்காக விற்கவில்லை. நான் அடங்கவில்லை. கட்டுப் பிரித்த மறுநாளே நீங்கள் பஸ் ஏறி வருவீர்கள், அவன் கொஞ்சம் துள்ளினால் மறுபடி நடுவில் பாய்வீர்கள். உங்களைக் காயடிக்கவும் முடியாது, முப்பது மீட்டரில் கட்டிவைக்கவும் முடியாது. எனக்கு இருப்பது ஒரே மாமா.

வருத்தம் இல்லாமல் இல்லை. என் பைக் சத்தம் பாலத்துப் பக்கம் கேட்கும்போதே கேட்டில் வந்து நிற்கிறான். சட்டைப் பையிலிருந்து பேனாவை உதட்டால் உருவி எடுத்து, கேட்டால் திருப்பித் தருகிறான், கேட்காவிட்டால் தின்றுவிடுகிறான். இந்தக் கடிதம் பென்சிலில் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் வருத்தத்தைப் பார்த்தால் வேலை நடக்காது. நாளை பத்து மணி.

கையை ஆட்டாதீர்கள். அத்தை சொல்வதைக் கேளுங்கள். அம்மா உங்களுக்கு மிளகும் ஏலக்காயும் பார்சல் அனுப்புகிறாள், அழுகையும் அனுப்பியிருப்பாள், பொட்டலத்தில் இடமில்லை. பெரியவர்கள் இருவரும் என்னைத் திட்டி முடித்ததும் ஆசீர்வாதம் பண்ணவும்.

இப்படிக்கு,
முடிவு பண்ணிவிட்ட மருமகன்,
சுதர்ஷன்.

பின்குறிப்பு (ஞாயிறு, பதினொன்றரை மணி): மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப எழுத எனக்கு நேரமில்லை.

லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. துரை பலகையில் கால் வைக்க மாட்டேன் என்றான். காரட் காட்டினேன், வெல்லம் காட்டினேன், நாணு சேட்டன் பழம்பொரி காட்டினார். அதை மட்டும் தின்றுவிட்டுக் கீழேயே நின்றான். கடைசியில் டிரைவர், 'அந்தக் கிழவிய முன்னால ஏத்துங்க சார், பின்னாலயே வரும்' என்றார். அம்மிணியை நானே ஏற்றினேன். எல்லாம் முடிந்துபோன விஷயம், இனி எனக்கென்ன என்று துரையின் கயிற்றை நான் பிடிக்கக்கூட இல்லை, கழுத்தில் போட்டுவிட்டு விலகி நின்றேன். அவன் ஒரு கால், இன்னொரு கால் என்று ஏறிப்போனான். அம்மிணியின் பக்கத்தில் தோளோடு தோள் உரச நின்றான். கனைக்கவில்லை, காலைத் தூக்கவில்லை. அம்மிணி வைக்கோலை இழுத்தாள், அவனும் மறுமுனையை இழுத்தான். பத்து நிமிஷம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் டேப் இருந்தும் நான் அளக்கவில்லை. அளக்க அங்கே மீட்டர் எதுவும் மிச்சமில்லை. அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, 'தளந்திருக்குடா' என்றாள்.

அம்மிணியை இறக்கினேன். அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து அவனும் இறங்கினான். லாரிக்காரருக்கு மூன்று சாயாவும் பொள்ளாச்சிக்காரருக்கு ஒரு மன்னிப்பும் கொடுத்து அனுப்பிவிட்டேன். டாக்டரிடமும் போனில் சொன்னேன்; அம்மிணிக்குப் பருவ நாள் வரும்போது மட்டும் தள்ளிக் கட்டுங்கள் என்றார், செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். பட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

கட்டுப் பிரித்ததும் வாருங்கள் மாமா. வந்து இரண்டுக்கும் நடுவில் மட்டும் பாயாதீர்கள். நடுவில் இப்போது இடம் இல்லை.